உல்லாசப் பயணம் என்ற பெயரில் ஒரு பந்தயம்

சொற்களோடு தொழில் செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விடயத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். அந்தப் பெயரால் யாருக்கு இலாபம் என்று அடுத்துப் பார்ப்போம். ஜேர்மனியின் மேற்கே ஐஃபெல் மலைப்பிரதேசத்தில் இருக்கும் நூர்பேர்க்ரிங் ஓட்டப்பாதையில், பொதுமக்கள் தத்தமது கார்களைக் கொண்டுவந்து ஓடுவதற்கு வைக்கப்பட்டிருக்கும் பெயர் 'டூரிஸ்டன்ஃபார்டன்'. உல்லாசப் பயணிகளின் சவாரி என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அந்தப் பெயர் உண்மையல்ல என்பதும், அது உண்மையல்ல என்று தெரிந்துகொண்டே எல்லோரும் அதனை உச்சரித்து வருகிறார்கள் என்பதும்தான் இக்கட்டுரையின் முறைப்பாடு.

மோட்டார் பந்தயத்தில் நாட்டமில்லாத வாசகர்களுக்காகச் சில விபரங்கள். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் வறுமையில் கிடந்த அந்த மலைக்கிராமங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1925 இல் இதன் நிர்மாணம் ஆரம்பிக்கப்பட்டது. அப்போது கொலோன் நகர மேயராகவும், பிற்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் முதலாவது சான்சலராகவும் இருந்த கொன்ராட் அடெனவர் அதனை ஆதரித்து நின்றார். 1927 ஜூன் மாதத்தில் முதல் பந்தயம் நடந்தது. நூர்பேர்க் என்ற பழைய கோட்டையைச் சுற்றிக் காட்டுக்குள் வளைந்து செல்லும் அதன் வடவளையம் இன்று 20.8 கிலோமீற்றர் நீளமானது. வளைவுகள் 73 என்பது வழக்கமான கணக்கு. ஆகத் தாழ்ந்த இடத்துக்கும் ஆக உயர்ந்த இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் வித்தியாசம். பந்தயமோ பரீட்சார்த்த ஓட்டமோ இல்லாத நேரங்களில், கட்டணம் செலுத்தும் எவரும் அதில் ஓடலாம் என்பது 1927 முதல் இருந்துவரும் வழக்கம்.

ஓடுவதற்கு என்ன வேண்டும்? சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். வீதியில் ஓடத் தகுதியான, இலக்கத்தகடு பூட்டிய வாகனம் வேண்டும். ஒரு சுற்றுக்கான பணம் வேண்டும். அவ்வளவுதான். காரில் வருபவருக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை. முன்பயிற்சி கட்டாயமில்லை. பக்கத்து ஆசனத்தில் ஆளை ஏற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அந்தப் பாதை, சட்டத்தின் கண்ணில், ஒருவழிப் போக்குவரத்து மட்டும் நடைபெறும் ஒரு கட்டண வீதி. வீதி ஒழுங்குகள் அங்கும் செல்லும். முந்துவதானால் இடப்பக்கத்தால் மட்டுமே முந்த வேண்டும். பந்தயம் ஓடக்கூடாது. சுற்றுக்கு எடுத்த நேரத்தைக் கணிக்கவும் கூடாது. ஆனால் ஒரு சில இடங்களைத் தவிர வேகத்துக்கு வரம்பு இல்லை.

எனது கேள்வி எளிமையானது. வீதி என்றால் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகின்ற, வேறெங்கும் போகாத ஒரு வீதிக்கு ஒருவர் எதற்காகக் கட்டணம் கட்டுகிறார்? இயற்கைக் காட்சிக்காக என்று சொன்னால் ஐஃபெல் மலையில் இலவசமான வீதிகளுக்குக் குறைவில்லை. வருபவர் வேகத்துக்காக வருகிறார். அதனை விற்பவருக்கும் அது தெரியும். நிறுத்தற்கடிகாரத்தைத் தடைசெய்துவிட்டு, பந்தயப் பாதை என்ற புகழைத் துண்டுச்சீட்டுக் கணக்கில் விற்கும் இந்த ஏற்பாட்டை வேறு எந்தத் துறையில் கண்டாலும் நாம் கபடம் என்றுதான் சொல்லியிருப்போம்.

இந்தக் கபடத்தின் பயன் விபத்து நடக்கும்போது வெளிப்படுகிறது. அது பந்தயமாக இருந்தால் நடத்துபவருக்கு, பங்குபற்றுபவரின் தகுதியைப் பார்க்கும் கடமை வந்துவிடும். வீதியாக இருந்தால் பொறுப்பு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருடையது. உருக்குத் தடுப்பில் மோதியவருக்கு அந்தத் தடுப்பைத் திருத்தும் செலவும், காரை இழுத்துச் சென்ற செலவும், பாதை மூடப்பட்ட நேரத்துக்கான செலவும் கணக்கிட்டு அனுப்பப்படும். அவருடைய காப்புறுதி நிறுவனமோ, இத்தகைய ஓட்டங்களில் சொந்த வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலே எழுதி வைத்திருக்கக்கூடும். பல நிறுவனங்கள் அப்படித்தான் எழுதியிருக்கின்றன. கட்டணம் வாங்கியவருக்கு அது வீதி. காப்புறுதி செய்தவருக்கு அது வீதி அல்ல. இரண்டுக்கும் நடுவில் அகப்படுபவர் ஒரு சாதாரண சம்பளக்காரர்.

இனி, அந்தப் பாதையின் தன்மையைப் பற்றி அதில் ஓடியவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்பதைப் பார்ப்போம். 1968 இல் மழையிலும் மூடுபனியிலும் நடந்த ஜேர்மன் கிராண்ட் பிறீயில் நான்கு நிமிடங்களுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 'பச்சை நரகம்' என்ற பெயர் அவர் கொடுத்ததுதான். தோற்றவர் சொன்ன வார்த்தையல்ல, வென்றவர் சொன்னது. 1970 இல் சாரதிகள் பாதுகாப்புத் திருத்தங்களைக் கோரியதால் பந்தயம் ஹொக்கன்ஹைமுக்கு மாற்றப்பட்டது. திருத்தங்களோடு 1971 இல் திரும்பியது. 1976 ஓகஸ்ட் முதலாம் திகதி, இந்தப் பாதை பாதுகாப்பற்றது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்த நடப்புச் சம்பியன் நிக்கி லவுடாவே எரியும் காருக்குள் சிக்கினார். அவரை வெளியே இழுத்தெடுத்தவர்கள் சக சாரதிகள். இருபதுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் நீளமான காட்டுப்பாதையில் எல்லா இடத்திலும் மீட்புக் குழுவை நிறுத்தி வைக்க முடியாது என்ற உண்மை அன்று நிரூபணமாயிற்று. ஃபோர்மியூலா வண் அதன்பின் அந்த வடவளையத்துக்குத் திரும்பவேயில்லை.

உலகின் மிகச் சிறந்த சாரதிகளுக்குத் தகாது என்று ஒதுக்கப்பட்ட பாதை, அரைநாள் பயிற்சிகூட இல்லாதவருக்குத் தகும் என்பது என்ன நியாயம்?

அந்தக் கார்கள் வேறு, இந்தக் கார்கள் வேறு என்று பதில் வரும். சரி, கணக்குப் பார்ப்போம். 1957 இல் இதே இடத்தில் ஹுவான் மனுவல் ஃபாஞ்சியோ தமது வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடி ஐந்தாவது உலகப் பட்டத்தை உறுதிசெய்தார். அன்று அவருடைய மிக வேகமான சுற்று 9 நிமிடம் 17.4 செக்கன். அன்றைய பாதை இன்றையதைவிட ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளமானது என்பதால் சராசரி வேகத்தை எடுத்துக்கொள்வோம்: மணிக்கு 147 கிலோமீற்றர். 2023 இல் ஹொண்டா சிவிக் டைப் ஆர் என்ற கார் இந்த வடவளையத்தை 7 நிமிடம் 44.881 செக்கனில் சுற்றியது. சராசரி மணிக்கு 161 கிலோமீற்றர். ஐந்து கதவுகளும் பின்னால் சாமான் வைக்க இடமும் உள்ள, காட்சியறையில் வாங்கக்கூடிய கார் அது. ஓட்டியவர் தேர்ந்த சாரதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகம் காரிலேயே இருக்கிறது. விலை கொடுத்தால் அது கைக்கு வந்துவிடும். ஃபாஞ்சியோவின் கையும் கண்ணும் அந்த விலைக்குள் அடங்குவதில்லை. எழுபது ஆண்டுகளில் இயந்திரம் மாறிவிட்டது. அதனைச் செலுத்தும் சாதாரண மனிதன் மாறவில்லை. அவனுக்கான நிபந்தனைகளும் மாறவில்லை.

போதாததற்கு, எல்லோரும் ஒரே வேகத்தில் போவதுமில்லை. முதல் தடவையாக வந்து வளைவுக்கு வளைவு தடுமாறுபவரும், ஆயிரமாவது சுற்றில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடுகிறார்கள். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடங்கள் அங்கு ஏராளம். முன்னால் போனவரின் எண்ணெய் சிந்தியிருந்தால் பின்னால் வருபவர் அதனைச் சறுக்கும்போதுதான் அறிவார். தடுப்புக்கும் பாதைக்கும் இடையே, தவறைத் திருத்திக்கொள்ள வேண்டிய அளவுக்கு வெளி இல்லை.

சபீனே ஷ்மிட்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் முழுமை பெறாது. அந்தப் பாதையின் ஓரத்திலே வளர்ந்தவர். 1996 இலும் 1997 இலும் அங்கு நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றவர். 2004 இல் பிபிசியின் ரொப் கியர் நிகழ்ச்சியில், அவரிடம் பயின்ற ஜெர்மி கிளார்க்சன் ஒரு டீசல் ஜகுவாரைப் பத்து நிமிடத்துக்குள், அதுவும் ஒரே ஒரு செக்கன் வித்தியாசத்தில், சுற்றி முடித்தார். அதே காரை ஷ்மிட்ஸ் 9 நிமிடம் 12 செக்கனில் கொண்டுவந்தார். 2021 இல் அவர் காலமானபோது உலகெங்கும் அஞ்சலி செலுத்தினார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சியிலிருந்து பார்வையாளர்களில் எத்தனை பேர் சரியான பாடத்தை எடுத்துக்கொண்டார்கள்? 'பத்து நிமிடத்துக்குள்' என்ற இலக்கை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைப் பருவம் முதல் அந்தப் பாதையோடு வாழ்ந்தவருக்கும் தங்களுக்கும் உள்ள தூரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வயதுவந்த ஒருவர் தமது உயிரைப் பணயம் வைக்க விரும்பினால் தடுக்க நீங்கள் யார் என்பது முதலாவது. அவர் தமது உயிரை மட்டும் வைத்தால் எனக்கு ஆட்சேபமில்லை. பக்கத்து ஆசனத்தில் இருப்பவரும், பின்னால் வருபவரும், சறுக்கி நிற்கும் வாகனத்துக்கு உதவ இறங்குபவரும் அந்தப் பணயத்தில் கையொப்பமிடவில்லை.

இப்படியொரு இடம் இருப்பதால்தான் இளைஞர்கள் ஊர் வீதிகளில் பந்தயம் ஓடாமல் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. அதே ஜேர்மனி 2017 இல், பொது வீதியில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவதையும், தனியொருவர் உச்ச வேகத்தை எட்டுவதற்காகப் பொறுப்பற்று ஓட்டுவதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்படியானால் அந்த வேட்கைக்கு ஒழுங்கான இடம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஒழுங்கான இடம் என்றால் ஒழுங்கு இருக்க வேண்டும்.

அயல் கிராமங்களின் பிழைப்பு என்பது மூன்றாவது. விடுதிக்காரர், உணவகக்காரர், வாகனத் திருத்துநர் என்று பலர் அதனை நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் பாதையை மூடும்படி நான் கேட்கவில்லை.

செய்ய முடியாது என்ற சாக்கும் செல்லாது. 2015 மார்ச்சில் ஒரு பந்தயத்தின்போது கார் ஒன்று மேட்டில் எழும்பித் தடுப்பைத் தாண்டி விழுந்து பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். உடனே பந்தயங்களுக்கு வேகக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் பாதை திருத்தியமைக்கப்பட்டது. 2025 முதல் உல்லாசச் சவாரிகளில் மோட்டார் சைக்கிள்கள் அனுமதிக்கப்படுவதில்லை. பாதுகாப்பே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது நல்ல முடிவுதான். ஆனால் கவனியுங்கள்: ஆகப் பலவீனமானவர் வெளியேற்றப்பட்டார், அவரை அச்சுறுத்திய வேக வித்தியாசம் உள்ளேயே விடப்பட்டது.

ஆகவே எனது கோரிக்கைகள் சில. முதன்முறை வருபவர் எவராயினும் ஒரு விளக்க வகுப்பில் அமர்ந்து, பயிற்றுநர் ஒருவரின் வாகனத்துக்குப் பின்னால் ஒரு சுற்றாவது ஓடிய பின்னரே தனியே விடப்பட வேண்டும். காரில் இருப்பவர் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாக வேண்டும். புதியவர்களுக்கும் பழகியவர்களுக்கும் நேரம் பிரிக்கப்பட வேண்டும். ஒரே வேளையில் உள்ளே விடப்படும் வாகனங்களுக்கு வரையறை வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நடந்த விபத்துகள், காயங்கள், மரணங்கள் பற்றிய முழு விபரமும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். வேறு ஓட்டப்பாதைகளில் பொதுமக்களுக்கு நடத்தப்படும் ஓட்ட நாட்களில் இவற்றில் பல சாதாரண நடைமுறைகள்தாம். வருமானம் குறையும் என்பார்கள், குறையட்டும். கட்டணம் கூடும் என்பார்கள், கூடட்டும்.

இதனைப் படிக்கும் உங்களில் பலர் ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கிறீர்கள். உங்கள் வாசலிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில் அந்த நுழைவாயில் இருக்கிறது. முதல் சம்பளத்தில் முதல் காரை வாங்கிய பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு போகிறேன் என்று சொன்னால் போகவேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை. சொன்னாலும் போவான், போவாள். முதல் தடவை ஒரு பயிற்றுநரோடு போகச் சொல்லுங்கள். காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளை உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். தம்பியையோ தங்கையையோ சிநேகிதரையோ பக்கத்தில் ஏற்றவேண்டாம் என்று சொல்லுங்கள். அது உல்லாசப் பயணம் அல்ல என்பதை நிர்வாகம் சொல்லப்போவதில்லை. வீட்டிலாவது யாரேனும் சொல்ல வேண்டும்.