வரி வறண்டதுங்களா, வாய் கூசுதுங்களா?

இன்றைக்குத் தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பிள்ளைகள் பத்துப் பேரிடம் "புதுப் பாட்டு எங்கப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "மெட்டு ரெடியா இருக்குங்ணா, வரிதான் வரமாட்டேங்குது." கொஞ்சம் வாசித்தவர்கள் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்பார்கள். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சோகம் இருக்கும், சோகத்துக்கு அடியில் ஒரு சின்னப் பெருமையும் இருக்கும். பெரிய எழுத்தாளர்களுக்கு வருகிற சீக்கு நமக்கும் வந்துவிட்டதல்லவா! இந்தச் சீக்குக்கு மருந்து விற்க இப்போது ஆளும் இருக்கிறார்கள். வார இறுதிப் பயிற்சி முகாம், மலையுச்சியில் தங்கல், காலை எழுந்ததும் மூன்று பக்கம் எழுதும் விரதம், கட்டணம் தனி.

அப்படியொரு சீக்கு பெரும்பாலும் கிடையாது என்பதுதான் என் கட்சி. வரி வராததற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் மனசுக்குள்ளே இல்லை, வெளியே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க மறுப்பதற்குத்தான் நாம் இந்த இங்கிலீஷ் பெயரைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

நான் துடியலூர்க்காரன். பகலில் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுக்கிறேன். பொழுதோட நாங்கள் நாலு பேர் சேர்ந்து மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் பாட்டுக் கட்டுகிறோம். சினிமாவில் இல்லை, சபாவிலும் இல்லை. கல்லூரி, கல்யாணம், சில சமயம் கோயில் நோம்பி. பாட்டு வராமல் போவது எங்களுக்குத் தத்துவப் பிரச்சினை அல்ல, அடுத்த மாத வாடகைப் பிரச்சினை. அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

முதல் காரணம், கேட்க ஆள் இல்லாமை.

தமிழ்ப் பாடலாசிரியர்களைப் பற்றி நமக்குப் பிடித்த கதை ஒன்றுதான்: அவர் வாயைத் திறந்தார், வரி கொட்டியது. கண்ணதாசனைப் பற்றி இப்படி நூறு கதை உண்டு. கதைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதையில் விட்டுப்போகிற பகுதியைப் பாருங்கள். அவருடைய முதல் சினிமாப் பாட்டு 1949-ல் வந்த 'கன்னியின் காதலி'க்காக. ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, எங்கள் கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோ. அங்கே எழுத உட்காருகிறவனுக்கு முன்னால் என்னென்ன இருக்கும்? கதையில் ஒரு சந்தர்ப்பம் இருக்கும். பாடப்போகிற பாத்திரம் யார், எந்த மனநிலையில் இருக்கிறது என்பது தெரியும். ஆர்மோனியத்தோடு ஓர் இசையமைப்பாளர் இருப்பார். பாட்டு எப்போது வேண்டும் என்று கேட்டு நிற்க ஒரு தயாரிப்பாளர் இருப்பார். இத்தனை பேர் சேர்ந்து தள்ளினால் வண்டி நகராமல் என்ன செய்யும்?

உடுமலை நாராயணகவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பூளவாடியில் பிறந்தவர், முத்துசாமிக் கவிராயரிடம் கற்று நாடகத்துக்குப் பாட்டெழுதியவர். பின்னால் 'வேலைக்காரி', 'நல்லதம்பி', 'பராசக்தி' வரைக்கும் வந்தார். நாடகக்காரன் பாட்டுக்கு இன்று இரவே கூட்டம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் கூட்டம் அங்கேயே காட்டிவிடும். மெட்ராஸ் கானாக்காரர்களுக்கும் அப்படித்தான். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட வேண்டியவனிடம் போய் "உங்களுக்கு பிளாக் வருமா?" என்று கேட்டால் சிரிப்பான்.

நம் இளைஞனுக்கு என்ன இருக்கிறது? 'எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்' என்ற சுதந்திரம் இருக்கிறது. யாருக்காக, எந்த நாளுக்காக, யார் வாயில் பாட என்று எதுவும் இல்லை. எதைப் பற்றியும் எழுதலாம் என்கிறவன் கடைசியில் தன்னைப் பற்றித்தான் எழுத உட்காருவான். தன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது நாலு வரி. அது முதல் பாட்டிலேயே தீர்ந்துபோகிறது.

இரண்டாவது காரணம், முழுக்கத் தொழில்நுட்பம். இதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் கோபம்.

மெட்டு முதலில் வந்து வரி பின்னால் வரும்போது, மெட்டின் நெடிலுக்கு நெடிலும் குறிலுக்குக் குறிலும் வைக்க வேண்டும். 'தான தனன' என்று தத்தகாரம் போடுவது அதற்குத்தான். அர்த்தமில்லாத வார்த்தையை முதலில் போட்டு வைப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' மெட்டுக்கு முதலில் முட்டைப் பொரியலைப் பற்றிய வார்த்தையைத்தான் போட்டு வைத்திருந்தார் என்பது ஊரறிந்த கதை. பிரச்சினை அதற்கு அப்புறம்தான். 'வருகிறேன்' என்பதற்கு நாலு எழுத்தோசை: மூன்று குறில், கடைசியில் ஒரு நெடில். மெட்டு இரண்டே நீண்ட சுரத்தில் நிற்கிறது. வருகிறேன் உட்காராது. 'வாரேன்' உட்காரும். 'வர்றேன்' இன்னொரு விதமாக உட்காரும். நாலு ஓசை வேண்டும், ஆனால் தொடக்கத்தில் அழுத்தம் வேண்டும் என்றால் 'வர்றனுங்க' இருக்கிறது. 'இருக்கு', 'இருக்குது', 'இருக்குதுங்க' என்று மூன்று, நாலு, ஐந்து அளவில் ஒரே வினை ஒரே வாயில் கிடக்கிறது. எழுத்துத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு மெட்டோடு மல்லுக்கட்டுகிறவன் சாவிக்கொத்தை வீட்டில் வைத்துவிட்டு பூட்டோடு சண்டை போடுகிறான்.

சந்தம் தெரிந்த நம் முன்னோர்கள் இந்தச் சாவிகளைத் தூக்கிப் போடவில்லை. கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனபோது, அதிலிருந்த இலக்கணப் பிழைகளால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கொடுக்கத் தயங்கினார். பிறகு பாரதி பாடக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். காகிதத்தில் பிழையாகத் தெரிந்தது காதில் பாட்டாக இருந்தது. இந்தக் கதையைச் சொல்லிச் சிலாகிக்கிறவர்கள், தங்கள் பிள்ளை பேச்சுத் தமிழில் பாட்டெழுதினால் முகம் சுளிக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் அந்த முகச்சுளிப்புதான். நான் முக்கியமாக நினைப்பது இதை. வரி வறளவில்லை, வாய் கூசுகிறது.

கொங்குத் தமிழ் திரையில் என்னவாக இருக்கிறது? கவுண்டமணி, கோவை சரளா. இருவரும் மேதைகள், எனக்கு உயிர். ஆனால் நாற்பது வருடமாக எங்கள் பேச்சு மற்ற ஊர்க்காரர்களுக்குச் சிரிப்புச் சத்தத்தோடு சேர்ந்தே கேட்டிருக்கிறது. சோகத்தில் 'ஏனுங்க' என்று ஒருத்தி கூப்பிட்டாலும் கேட்கிறவன் அடுத்த வரியில் நகைச்சுவையை எதிர்பார்க்கிறான். எங்கள் பாட்டு ஒன்றைக் கேட்ட ஒரு இசை நிறுவனத்துக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "பாட்டு அருமை. அந்த 'ஏனுங்க'வை மட்டும் எடுத்துட்டு 'அன்பே'ன்னு போட்டுருங்க. ஜனங்க காமெடின்னு நெனச்சுக்குவாங்க." நாங்கள் எடுக்கவில்லை, அவர் பாட்டை எடுக்கவில்லை. கணக்கு நேர்.

அவர் வெளிப்படையாகச் சொன்னதை நம் பிள்ளைகள் எழுத உட்காரும் முன்பே தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். இட்டேரி, பொடக்காலி, ஒறம்பரை, வெள்ளாமை என்று வாயில் வருகிற வார்த்தையை எல்லாம் வடிகட்டிவிட்டு, மிச்சம் இருக்கிற நிலா, கனா, விழி, வலி ஆகிய நாலைந்தை வைத்துக்கொண்டு "வரி வரலைங்ணா" என்கிறார்கள். எங்கிருந்து வரும்?

இது புதிய நோயும் அல்ல. கர்நாடக இசை மேடையில் தமிழ் கீர்த்தனைக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அன்றைக்கு மொழிக்கே சொல்லப்பட்டதை இன்று வட்டார வழக்குக்குச் சொல்கிறோம். கானாவைக் கேலி செய்த ஊரில் 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது, கேலி செய்யப்பட்ட வாய்க்குப் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை என்பது தெரிந்தது.

மறுப்பு வரும், தெரியும். "வட்டார வார்த்தையைத் தூவினால் பாட்டாகிவிடுமா? மண்வாசனை என்பதும் ஒரு தேய்ந்த சரக்குதானே?" நியாயம். இட்டேரி என்ற சொல்லைத் திணிப்பதும் நிலா என்ற சொல்லைத் திணிப்பதும் ஒன்றுதான். நான் சொல்வது அலங்காரத்தை அல்ல, வாக்கியத்தை. துடியலூரிலிருந்து மேற்கே தடாகம் போகிற வழியில் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. செம்மண் போன குழிகள் மட்டும் கிடக்கின்றன. அதைப் பற்றி எங்களிடம் ஒரு மெட்டு எட்டு மாதம் கிடந்தது. ஒருநாள் எங்கள் அமுச்சி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "மண்ணெடுத்த எடத்துல தண்ணி நிக்குது கண்ணு. தண்ணி நிக்கற எடத்துல ஆன வந்து நிக்குது. நாம எங்க நிக்கறது?" இதில் வட்டாரச் சொல் என்று தனியாக எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் செத்துப்போகும். 'நிக்குது' இரண்டு முறை வந்து விழுகிற இடத்தில்தான் பாட்டு இருக்கிறது. மிச்ச வரிகளை நாங்கள் இரண்டு நாளில் முடித்தோம்.

இன்னொரு மறுப்பு கனமானது. "மௌனமும் கலைஞனுக்கு வேண்டியதுதானே? பெருமாள்முருகனைப் பார்." பார்த்தேன். 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்க வைத்தது அவருடைய மனத்தடை அல்ல, ஊர். அவர் திருச்செங்கோட்டுக்காரர், எங்கள் கொங்குச் சீமைதான் அதைச் செய்தது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அந்த மௌனத்துக்குள் எழுதிய கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்று வெளிவந்தன. டி.எம். கிருஷ்ணா பாடக் கீர்த்தனைகளும் எழுதினார். ஒரு பாடகரின் குரல் அங்கே காத்திருந்தது, ஒரு வடிவம் இருந்தது. வாயை அடைத்தவர்கள் இருந்தும் எழுதிய ஒருவரின் பெயரை, அடைக்க யாருமே வராத நாம் நம் சோம்பலுக்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது.

நிதானம் வேறு, தடை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெனார்ட் கோஹன் 'ஹல்லெலூயா'வுக்கு வருடக்கணக்கில் உழைத்தார், எழுதித் தள்ளியதில் பெரும்பகுதியை அடித்தார். அவருக்கு வரி வராமல் இல்லை, வந்ததில் எது வேண்டும் என்பதுதான் பாடு. எழுதி அடிக்கிறவனுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எழுதாமலே அடிக்கிறவனுக்கு என்ன கொடுப்பது?

இப்போது ஏன் இத்தனை சத்தம் போடுகிறேன் என்றால், காலம் மாறிவிட்டது. வரி வராதவனுக்கு வரி போட்டுக்கொடுக்க எந்திரம் வந்துவிட்டது. சந்தர்ப்பத்தைச் சொன்னால் பத்து நொடியில் பல்லவி, சரணம். தெரிந்த குழுக்களிலேயே சிலர் பயன்படுத்துகிறார்கள். வரிகள் மோசமில்லை. நிலா, கனா, விழி, வலி. வேறெப்படி இருக்கும்? நாம் கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. நிலாவும் கனாவும்தான் பாட்டு என்றால் அந்த வேலைக்கு இனி நாம் தேவையில்லை, இதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை. சூளைக் குழியில் ஆனை வந்து நிற்பதைப் பாட வேண்டுமென்றால் மட்டும்தான் நம்மில் யாராவது வேண்டும்.

அதனால் தம்பிகளே, தங்கச்சிகளே, முகாமுக்குக் கட்டுகிற காசில் ஊட்டுக்கு பஸ் ஏறுங்கள். யாருக்குப் பாடப்போகிறீர்கள் என்று ஒரு ஆளை முடிவு செய்யுங்கள். ஒரு தேதி வையுங்கள், அந்தத் தேதிக்கு நாலு பேரைக் கூப்பிட்டும் வையுங்கள். தத்தகாரம் போடுங்கள். சோறு கேட்கிற, கடன் கேட்கிற, மன்னிப்புக் கேட்கிற அதே வாயில் எழுதிப் பாடிப் பாருங்கள். கூட்டத்தில் முதலில் ஒருத்தன் சிரிப்பான். சிரிக்கட்டும், அவனுக்குப் பழக்கம் அப்படி. இரண்டாவது சரணத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்க.