விழுங்கியது குழந்தை, குற்றவாளி தாயா?

குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டது என்னும் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். அவ்வரியில் பெற்றோர் என்பதற்குத் தாய் என்றே பொருள். பொருளைச் செய்தவர், விற்றவர், விற்பனைக்கு விதி வகுத்தவர் எவரும் அதற்குள் வருவதில்லை. பட்டன் பேட்டரியைப் பொறுத்தவரை இந்த விடுபடல் உயிரைப் பறிக்கக்கூடியது.

காசும் பட்டன் பேட்டரியும் ஒன்றல்ல. இரைப்பையை அடைந்துவிட்ட காசு பெரும்பாலும் தானே வெளியேறும். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் கொண்ட லித்தியம் பேட்டரியோ சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடியது. அங்குள்ள ஈரத்திசு மின்சுற்றை நிறைவு செய்கிறது. எதிர்மின்முனையருகே ஹைட்ராக்சைடு உருவாகித் திசுவை அரிக்கிறது. பேட்டரி உடைய வேண்டியதில்லை; கசிய வேண்டியதும் இல்லை. தீர்ந்துபோயிற்று என்று கழற்றிப் போட்ட பேட்டரியிலும் இதற்குப் போதிய மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். 2 மணி நேரத்துக்குள் கடும் புண் உண்டாகலாம். உணவுக்குழாய் துளைபடலாம், அதற்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே புழை விழலாம், குரல்நாண் செயலிழக்கலாம். பேட்டரியை அகற்றிப் பல நாள்கள் கடந்த பின்னரும் பெருந்தமனி அரிக்கப்பட்டுக் குருதிப்பெருக்கால் குழந்தை இறக்கலாம்.

தொடக்க அறிகுறிகளோ எச்சில் வடிதல், இருமல், உண்ண மறுத்தல். பேச்சு வராத குழந்தையிடம் இவை சாதாரணச் சளித்தொல்லையாகவே தோன்றும். விழுங்கியதை எவரும் பார்க்காதபோது, "கவனம்" எதைக் கண்டுபிடிக்கும்? பார்த்த வீட்டிலும் "வாழைப்பழம் கொடு, வந்துவிடும்" என்னும் அறிவுரை நேரத்தைத் தின்கிறது. எக்ஸ்ரேயில் விளிம்பையொட்டித் தெரியும் இரட்டை வளையமே பேட்டரியைக் காசிலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மைத் தடயம். அதைக் காணும் பயிற்சி வட்டார மருத்துவமனைவரை சென்றாக வேண்டும்.

தடுக்கும் வழி தெரியாததன்று. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல், பட்டன் பேட்டரி கொண்ட நுகர்பொருள்களுக்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரம் நடைமுறையில் உள்ளது. அமெரிக்கா 2022 ஆகஸ்டில், பட்டன் பேட்டரியால் இறந்த பதினெட்டு மாதக் குழந்தையின் பெயரால் ரீஸ் சட்டத்தை இயற்றியது. இந்தியாவின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ரிமோட்டும் எடைக்கருவியும் தெர்மாமீட்டரும் பேட்டரி அகல்விளக்கும் பொம்மைகள் அல்ல. குழந்தையின் கைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

விலை கூடும் என்பர். மூடியை இறுக்க ஒரு திருகாணி போதும். அதன் விலையைக் கணக்கிடுவோர் துளைபட்ட உணவுக்குழாய்க்கான அறுவைச் சிகிச்சையையும் மாதக்கணக்கில் குழாய்வழி உணவூட்டுவதையும் எந்தக் கணக்கில் எழுதுகின்றனர்?

கல்விப்புலமும் இதில் தூயதன்று. மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய நிகழ்வு ஒவ்வொன்றும் "அரிய நிகழ்வு" என்ற தலைப்பில் கட்டுரையாகிறது. பதவி உயர்வுக்கான பட்டியலில் ஓர் எண் கூடுகிறது. கடைசிப் பத்தி மீண்டும் பெற்றோருக்கே அறிவுரை சொல்கிறது. எண்ணித் தொகுக்காதவரை எதுவும் அரியதாகவே தோன்றும். இந்நிகழ்வுகள் யாவும், பேட்டரி எந்தப் பொருளிலிருந்து வந்தது என்ற விவரத்துடன், ஒரே தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். பொம்மைக்கு வகுத்த விதி பட்டன் பேட்டரி உள்ள எல்லாப் பொருளுக்கும் நீள வேண்டும். அதுவரை தாயைக் குற்றவாளியாக்கும் அந்தக் கடைசி வரியை எழுதும் உரிமை எவருக்கும் இல்லை.