ஊஞ்சல் மீண்டும் ஆடுகிறது



எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சறுக்குமரத் தகட்டில் துரு தின்ற ஓட்டை. ஊஞ்சலில் பலகை போய்ச் சங்கிலி மட்டும் தொங்கியது. மனு கொடுத்து அலுத்துப்போய், அக்டோபர் 2 கிராம சபை முடிந்த கையோடு நாங்களே இறங்கிவிட்டோம். வெல்டிங் பட்டறைக்காரர் கூலி வாங்காமல் தகடு வைத்துக் கொடுத்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து முள்ளை வெட்டினார்கள். பிள்ளைகள் விழுந்தாலும் அடிபடாதபடி சறுக்குமரத்தடியில் ஒரு முழத்துக்கு மணல் கொட்டினோம்.

இப்போது சாயங்காலமானால் ஊஞ்சலுக்கு வரிசை நிற்கிறது. ஆனால், அடுத்த மழையில் முள் மறுபடி துளிர்க்கும். ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீரோடு பூங்காப் பராமரிப்பையும் அதில் நிரந்தரப் பொருளாக்கி, ஊராட்சி சிறு தொகை ஒதுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்