வான்வழியும் அயலார் இசைவும்

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு மாறாத ஓர் எண் என்றே நாம் நம்பி வருகிறோம். பூகோள உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பது மிகக் குறுகிய வழி; அதை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம். கணக்கில் பிழையில்லை. ஆயினும், வழியில் கீழே கிடக்கும் நிலம் யாருக்கு உரியது என்பதை அக்கணக்கு கேட்பதில்லை.

பின்லாந்தின் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம். நூலின் அளவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி ரஷ்யாவின்மேல் கிடக்கிறது. 1983-இல் பின்னேர் நிறுவனம் இவ்விரு நகரங்களையும் இடைநில்லா விமானத்தால் இணைத்தபோது சோவியத் வான்வெளி அதற்குத் திறந்திருக்கவில்லை. விமானம் வடதுருவம் ஏறி, பெரிங் நீரிணை வழியாகத் தெற்கே இறங்கியது. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம். பின்னர் சைபீரிய வழி திறக்கவே, அது ஒன்பதரை மணி அளவுக்குச் சுருங்கியது. அந்தக் குறுக்கு வழியை நம்பியே ஹெல்சிங்கி, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே செல்வோர் விமானம் மாறும் வாயிலாக வளர்ந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை அடைத்தது. ரஷ்யாவும் பதிலுக்கு அடைத்தது. மார்ச்சில் பின்னேர் விமானங்கள் மீண்டும் துருவ வழியில் பறந்தன. மீண்டும் 13 மணி நேரம். நாற்பதாண்டுக்கால முன்னேற்றம் ஒரே வாரத்தில் கைநழுவிற்று. சீன நிறுவனங்களுக்கு ரஷ்யா தடை விதிக்கவில்லை. ஆகவே சீனத்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சீன விமானம் நேரே செல்ல, ஐரோப்பிய விமானம் சுற்றிச் சென்றது. நகரங்கள் அவையே, பயண நேரம் மட்டும் வேறு.

நமக்கும் இது அயல்வீட்டுச் செய்தியன்று. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை அடைத்தபின், தில்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்ற நேர்ந்தது.

இவ்வடைப்புகள் யாவும் தவறென்று நாம் கூறவில்லை. படையெடுப்பைக் கண்டும் வானத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால், அறிவியல் உலகைச் சுருக்கிவிட்டது என்று வகுப்பறையிலும் மேடையிலும் நாமே ஓதிவரும் வாய்பாட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். சுருக்கியது எந்திரம் மட்டுமன்று. தன் நிலத்தின்மேல் பிறரைக் கடந்துபோக விட்ட இசைவும்தான். எந்திரம் எரிபொருள் உள்ளவரை ஓடும். இசைவோ ஓர் அறிவிப்பில் நின்றுவிடும்.

நம் முன்னோர் தொலைவை 'நாழிகை வழி' என்றும் 'கூப்பிடு தூரம்' என்றும் வழங்கினர். ஒன்றில் காலம் அளவுகோல், மற்றொன்றில் குரல். நாழிகையைக் குறைக்க விமானம் கண்டோம். அயலாரைக் கூப்பிட்டால் மறுமொழி வரும் நிலையைக் காத்துக்கொள்ளாவிடில், குறைத்த நாழிகைகள் திரும்பி வரும் என்பதை ஹெல்சிங்கிப் பயணி நன்கறிவார்.