கண்ணாடியின் முன் ஒரு நிமிடம்

நுகேகொடையில் 138ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் மஹரகமையை அடைந்துவிடலாம். அங்குள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருவோருள் வாய்ப்புற்று நோயாளர் பலர். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே. இதில் வருத்தத்துக்குரியது ஒன்றுண்டு. இரைப்பையையும் ஈரலையும் கருவியின்றிக் காண இயலாது. வாயின் உட்புறத்தைக் காண்பதற்கோ ஒரு கைக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். ஆயினும், நாள்தோறும் முகம் பார்க்கும் நாம் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. இன்று பார்ப்போமாக.

முதலிற் பற்கள். வளர்ந்தோருக்கு வெட்டும் பற்கள் 8, வேட்டைப் பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, பின்கடைவாய்ப் பற்கள் 12 என மொத்தம் 32. ஞானப்பல் முளையாதோருக்கு 28 மட்டுமே இருத்தலுங் கூடும். பல்லைப் போர்த்திருக்கும் மிளிரியே நமது உடலில் மிகக் கடினமான பொருள். எனினும், சொத்தையால் அழிந்தபின் அது மீண்டும் வளராது.

மேலே நோக்குங்கள். அண்ணத்தின் முற்பகுதி என்பாலானது. பிற்பகுதி மென்மையான தசை. நாம் விழுங்கும்போது இம்மென்னண்ணம் உயர்ந்து, உணவு மூக்கினுட் செல்லாவண்ணம் வழியை அடைக்கின்றது.

உமிழ்நீரைத் தருவன மூன்று சோடிப் பெருஞ் சுரப்பிகளும் பல சிறு சுரப்பிகளுமாம். ஒரு கவளம் சோற்றை நெடுநேரம் மென்று பாருங்கள், இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே காரணம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியிற் கசப்பு என்று வரைந்த பழைய படத்தை மாணவர்கள் மறந்துவிடலாம். சுவையரும்புகள் உள்ள இடமெங்கும் எல்லாச் சுவையும் உணரப்படும். பேச்சுக்கும் நாக்கு இன்றியமையாதது. பல், இதழ், நா, அண்ணம் முதலியவற்றை எழுத்துக்கள் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார்.

இனி, நாக்கின் இரு பக்கங்களையும், அதன் அடிப்புறத்தையும், கன்னங்களின் உட்புறத்தையும், முரசையும் உற்று நோக்குங்கள். துடைத்தும் நீங்காத வெள்ளைப் படையோ, செந்நிறப் படையோ, இரண்டு வாரங் கடந்தும் ஆறாத புண்ணோ தென்பட்டால், பல் வைத்தியரிடம் உடனே காட்டுதல் வேண்டும். வாய் வரவரக் குறைவாகத் திறத்தலும், காரம் பட்டதும் எரிதலும் எச்சரிக்கைக் குறிகளே. தொடக்கத்தில் நோவு இராது. ஆதலாற்றான், “சுண்ணாம்பு சுட்டுவிட்டது” என்று பலர் மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றனர்.

புகையிலையைத் தவிர்த்துவிட்டால் வெற்றிலை தீங்கற்றது என்று நம்புவோரும் உளர். அது தவறு. பாக்குத் தானாகவே புற்றுநோயை விளைவிப்பதென்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2003ஆம் ஆண்டில் முடிவு கூறியது. புகைத்தலும் மதுவும் ஆபத்தைப் பெருக்குகின்றன.

வெற்றிலையும் பாக்கும் நமது மங்கல காரியங்களுக்கு உரியவை. அவை தட்டத்தில் இருக்கட்டும். வாய்க்கு அவை வேண்டா. மாணவர்களே, உங்கள் வாயைப் பார்த்து முடிந்ததும் கண்ணாடியை வைத்துவிடாதீர்கள். வீட்டில் வெற்றிலை போடும் அப்புவோ ஆச்சியோ இருந்தால், அவர்களையும் வெளிச்சத்தில் அமர்த்தி, “ஒருக்கால் வாயைத் திறவுங்கோ” என்று கேளுங்கள்.