தோட்டைக் கழற்றியது யார்?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்திலிருக்கும் நாகூர்க்காரர்களுக்கு அக்கரை ஒன்றும் அந்நியமில்லை. இலங்கையில் கல்முனைக் கடற்கரையில் நாகூர் ஆண்டவர் பெயரிலேயே ஒரு தர்கா உண்டு. அங்கேயும் கொடி ஏற்றுகிறார்கள். சாகுல் ஹமீதுகள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள்.

அந்தக் கரையில் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். 1990-இல் அவளுக்குப் பத்து வயசு. யாழ்ப்பாணத்து முஸ்லிம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தமிழ்.

அக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் முஸ்லிம்களைக் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைக் காலி செய்ய உத்தரவு. போகிற வழியில் சோதனை. பணம், நகை எல்லாம் பறிமுதல். சிறுமிகள் காதில் கிடந்த தோட்டைக்கூட விடவில்லை என்று வெளியேற்றப்பட்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கழற்றியவனும் தமிழில்தான் கேட்டிருப்பான்.

அந்த மாதத்தில் வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் சுமார் 75 ஆயிரம் பேர். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். ஓலைக் குடிசை, நிவாரண அரிசி. ஒரு வாரம் முன்பு வரை வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண், தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாள். தன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய அரசாங்கம், போர் முடிந்த பிறகும் அவளை ஊருக்கு அழைத்துப்போக அவசரம் காட்டவில்லை.

இதைச் சொன்னால் நம்மூர் மேடை வீரர்களுக்குக் கோபம் வரும். 'முள்ளிவாய்க்காலைப் பேசாமல் இதையா பேசுவது?' சரி, அதையும் பேசுவோம். 2009-இல் வன்னியிலும் ஒரு பத்து வயசுக்காரி இருந்தாள். பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில் ராணுவம் குண்டு போட்டது. தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். 2011-இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இரண்டு தரப்பு மீதும் குற்றச்சாட்டு வைத்தது. நமது மேடைகளில் அதில் பாதியைத்தான் படித்துக் காட்டுகிறார்கள்.

நான் படித்தது பி.காம். பாதிப் பக்கத்தை மட்டும் காட்டுகிற கணக்குக்கு எங்கள் வாத்தியார் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

2002-இல் கிளிநொச்சி பத்திரிகையாளர் சந்திப்பில் ஆன்டன் பாலசிங்கம், வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். அரசியல் தவறாம்! பறிபோனது அரசியலா? அவள் வீடு சார், அவள் பள்ளிக்கூடம்.

புலிகளே ஒப்புக்கொண்டதைச் சொல்ல, புலிகளின் பெயரில் இங்கே கூட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை? அவள் உயிரோடு இருந்தால் வயசு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். நீங்கள் 'உலகத் தமிழர்' என்று சொல்லும்போது அவளும் அதில் உண்டா இல்லையா? இல்லை என்றால் அதையாவது மைக்கில் சொல்லிவிடுங்கள், நாகூரில் வந்து கூட்டம் போட்டு.