வெறுங்கையும் வாளும்

1995ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராப் ராய்’ என்னும் படத்தின் இறுதி வாட்போரைக் குறித்து நம் நண்பரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. ஸ்காட்லாந்து மலைநாட்டானாகிய ராப் ராய் கனத்த அகல்வாளை வீசி வீசிக் களைத்துப்போகிறான். கன்னிங்காமோ மெல்லிய வாளேந்தி, எலியைப் பூனை அலைக்கழிப்பதுபோல் அவனைக் கீறிக் கீறி முழந்தாளிடச் செய்கிறான். வாள்நுனி கழுத்தை நெருங்கிய அக்கணத்தில், ராப் ராய் அவ்வாளை வெறுங்கையாற் பற்றிக்கொண்டு, தன் வாளையெடுத்து ஒரே வெட்டில் அவனை வீழ்த்துகிறான்.

“கதாநாயகனைப் பிழைப்பிக்கக் கதாசிரியர் செய்த சூழ்ச்சி” என்று நகைப்பர் ஒரு சாரார். நாம் அதற்கு உடன்படோம். எதிரியின் வாளைக் கையாற் பற்றும் முறை ஐரோப்பியரின் பழைய வாட்பயிற்சி நூல்களிலேயே உண்டு. மேலும், குத்துதற்கென்றமைந்த மெல்லிய வாள் அகல்வாளைப்போல் வெட்டுவதன்று. இறுகப் பற்றிய கை காயமுறுமேயன்றி அற்றுவிழாது. படமும் அக்குருதியை மறைக்கவில்லை.

இன்னுமொன்று. வாட்டிறத்தால் ராப் ராய் வென்றான் என்று படம் எங்கேனும் கூறிற்றா? கடைசிவரை அவன் தோற்றுக்கொண்டேயிருக்கிறான். தொடக்கப் பகுதியிலேயே தன்னினும் பருத்த ஒருவனை எளிதில் வென்ற கன்னிங்காம், இவனையும் அவ்வாறே இகழ்ந்து, கொல்லவேண்டிய நொடியில் தாமதித்தான். அத்தாமதத்தை நாம் எளிதில் நம்புகிறோம். கல்லூரிப் பந்தயங்களில் அதனைக் காணாதார் யார்?

ஆயினும், அத்துணைக் குருதியிழந்தவன் மார்பளவும் பிளக்கும் வன்மையை எங்ஙனம் பெற்றான் என்று வினவுவார்க்கு விடையிறுக்க எம்மால் இயலவில்லை.